பிள்ளைகளை ஏற்றி அனுப்புவதா, படிப்பை இங்கே இறக்குவதா?



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு பல பெற்றோர் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் இன்பொக்ஸில் பதில் எழுதுவதை விட எல்லோருக்குமாக ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நாங்கள் சில ஆசிரியர்கள் பேசிக்கொண்டோம். உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள். திட்டுவதென்றாலும் கொஞ்சம் மரியாதையாகத் திட்டுங்கள்.

கேள்வி இதுதான்: "சேர், இந்த வெளிநாட்டு டிப்ளோமா நல்லமா? பிள்ளையை அனுப்பலாமா?"

பெறுபேறு வந்து ஒரு வாரம் கூட ஆகவில்லை, டவுனில் பேனர் ஏறிவிட்டது. ஐஈஎல்டிஎஸ் தேவையில்லையாம். சாதாரண தரம் போதுமாம். படித்துக்கொண்டே உழைக்கலாமாம். ஹோட்டல் மண்டபத்தில் இலவச செமினார், வருகிறவர்களுக்கு ஷோர்ட் ஈட்ஸும் டீயும். பசறை, லுணுகலை, ஹாலி எல, வெலிமடைப் பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள். வாப்பாவும் உம்மாவும் நல்ல உடுப்பு உடுத்தி முன்வரிசையில் இருக்கிறார்கள். கொழுந்து மலையில் அரை நாள் விட்டுவிட்டு வந்த அம்மா பின்வரிசையில் இருக்கிறார்.

வெளிநாடு போக வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அப்படிச் சொல்ல நமக்குத் தகுதியும் இல்லை. சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போன தலைமுறையின் காசில்தான் நமது ஊரில் பல வீடுகள் எழும்பின, பல பிள்ளைகள் படித்தார்கள். பொருளாதாரம் விழுந்த 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். அந்த வரிசையில் நின்றவர்களிடம் போய் "நாட்டுப்பற்று" பேச முடியாது. நாங்கள் பேச வந்தது வேறு விஷயம். படிப்பு என்ற பெயரில் நமக்கு விற்கப்படுவது என்ன, அதை யார் விற்கிறார்கள், அதே படிப்பு ஏன் இந்த மலைக்கு ஏறி வருவதில்லை என்பதுதான்.

முதலில் விற்கிறவரைப் பார்ப்போம். செமினாரில் மைக் பிடித்துப் பேசுகிறவர் அந்தக் கல்லூரியின் ஆசிரியர் இல்லை. முகவர். ஒரு மாணவனைச் சேர்த்துக் கொடுத்தால் கட்டணத்தில் இத்தனை வீதம் என்று கல்லூரி அவருக்குத் தரகு கொடுக்கும். இது உலகம் முழுக்க உள்ள வழக்கம், ஒளிவுமறைவான விஷயமும் இல்லை. தரகு வாங்குவது குற்றமும் இல்லை. காணித் தரகர் வாங்குகிறார், கல்யாணத் தரகர் வாங்குகிறார். ஆனால் காணித் தரகரின் பேச்சை மட்டும் நம்பி யாராவது காணி வாங்குகிறோமா? உறுதியைப் பார்க்கிறோம், நொத்தாரிசிடம் போகிறோம், எல்லைக் கல்லைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறோம். ஆறு பேர்ச் காணிக்குச் செய்கிற விசாரிப்பில் கால்வாசியைக் கூட பிள்ளையின் கல்லூரிக்கு நாம் செய்வதில்லை.

இன்னொன்று. வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். 1989 க்கு ஒரு கோல் எடுத்தால் அந்த ஏஜென்சி பதிவுள்ளதா என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் "நாங்கள் வேலைக்கு அனுப்பவில்லை, படிக்கத்தான் அனுப்புகிறோம்" என்று சொல்கிறவர் அந்த அனுமதிப்பத்திரத்துக்கு வெளியே நின்றுகொள்கிறார். மேடையில் அவர் பேசுவதோ முக்கால்வாசி உழைப்பைப் பற்றித்தான். மணிக்கு எத்தனை டொலர், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், எத்தனை மாதத்தில் கடன் அடையும்.

இப்போது கணக்குக்கு வருவோம். அவுஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம், இங்கே அதிகம் விற்கப்படுவது அதுதான். மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் கட்டணம் 2024 ஜூன் வரை 710 டொலர். 2024 ஜூலையில் 1,600 ஆக்கினார்கள். 2025 ஜூலையில் 2,000. ஒரு டொலரை 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4 இலட்சம். விசா மறுக்கப்பட்டால் இந்தக் காசு திரும்பி வராது. தோட்டத்தில் 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதாவது அந்தச் சம்பளத்தில் அந்த ஒரு போர்மைப் போடுவதற்கு மட்டும் ஏறத்தாழ 296 பேர் விழ வேண்டும். மாதம் 25 பேர் விழுந்தாலும் ஒரு வருடம் முழுக்க கொழுந்து பறித்து, சாப்பிடாமல், விளக்குப் போடாமல் சேர்த்து வைத்தால் அந்த போர்ம்.

இது போக ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்குக் கையில் 29,710 டொலர் இருப்பதாகக் காட்ட வேண்டும். அது ஏறத்தாழ 59 இலட்சம். கல்லூரிக் கட்டணம் தனி, டிக்கெட் தனி, காப்புறுதி தனி. "அதற்கு ஏன் பயப்படுகிறீர்கள், கணக்கில் காட்டுவதற்கு நாங்களே காசு போட்டு எடுத்துத் தருகிறோம்" என்று சொல்கிற முகவரும் உண்டு. பெற்றோர்களே, பொய்யான ஆவணம் பிடிபட்டால் மறுப்போடு நிற்காது, மூன்று வருடத்துக்குத் தடையும் வரும். முகவருக்கு அடுத்த செமினார் இருக்கிறது. தடை விழுவது பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. அவுஸ்திரேலிய அரசு 2023 இல் தன் நாட்டுப் பிள்ளைகளுக்கு அரச தொழிற்கல்லூரிகளில் 1,80,000 இடங்களைக் கட்டணமின்றித் திறந்தது. அடுத்த வருடத்திலிருந்து இன்னும் 3 இலட்சம் இடங்கள். தாதிமை, கட்டடம், சுற்றுலா, ஹோட்டல் துறை எல்லாம் அதற்குள் வருகின்றன. நல்ல காரியம், நமது அரசும் பார்த்துப் படிக்க வேண்டியது. ஆனால் அங்குள்ள பிள்ளை சும்மா படிக்கக்கூடிய சமையல் கோர்ஸை நமது பிள்ளை வீட்டுக் காணியை ஈடு வைத்து வாங்குகிறான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த நாட்டுக்கு வெளிநாட்டு மாணவர் என்பது ஏற்றுமதி வருமானம், நமக்குத் தேயிலை மாதிரி. வித்தியாசம் என்னவென்றால் தேயிலை கப்பல் ஏறிப் போகிறது, இங்கே வாங்குகிறவனே பிளேன் ஏறிப் போகிறான்.

அவர்களும் கண்மூடிக்கொண்டிருக்கவில்லை. விக்டோரியா மாநிலத்தின் முன்னாள் பொலிஸ் தலைவி கிறிஸ்டின் நிக்சன் 2023 இல் விசா முறைகேடுகள் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். கல்வி முகவர்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று அதில் சொன்னார். 2024 இல் 150 க்கும் மேற்பட்ட "பேய்க் கல்லூரி"களை மூடினார்கள். பெயர்ப்பலகை இருக்கும், வகுப்பு இருக்காது. 2025 க்கு தொழிற்கல்விக்கு வரும் புதிய வெளிநாட்டு மாணவர் 95,000 என்று ஓர் எல்லையும் சொன்னார்கள். கனடாவும் 2024 ஜனவரியில் மாணவர் அனுமதியைக் குறைத்தது. கதவு சிறுக்கும்போது முகவரின் குரல் பெருக்கிறது, "இப்ப விட்டா பிறகு இல்லை" என்று.

எங்களிடம் படித்த ஒரு பையன் இப்போது மெல்பேர்னில் சமையல் டிப்ளோமா செய்கிறான். கெட்டிக்காரன், குடும்பமும் கொஞ்சம் வசதி. வாட்ஸ்அப்பில் பேசும்போது, "சேர், வகுப்பு கிழமைக்கு ரெண்டு நாள்தான். மற்ற நாளெல்லாம் வேலை. பதினைந்து நாளைக்கு 48 மணித்தியாலம்தான் செய்யலாம், அதுக்கு மேல செஞ்சா விசா போயிடும். வாடகைக்கே பாதி போகுது" என்றான். அவன் சமாளித்துவிடுவான் என்ற நம்பிக்கை எங்களுக்கு உண்டு. இதையும் சொல்ல வேண்டும், நன்றாக வந்தவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு பையன் தோட்டத்துப் பிள்ளை. ஜப்பான் மொழிப் பாடசாலை என்று ஒருவர் சொல்லி, அக்காவின் தோடும் அம்மாவின் சங்கிலியும் அடகுக்குப் போயின. விசா கிடைக்கவில்லை. "பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்ததாம். அம்மா எங்களிடம் அந்தத் தாளைக் கொண்டுவந்து கேட்டது ஒன்றுதான்: "இதுல எங்க சேர் எழுதியிருக்கு?" விரல் வைத்துக் காட்டினோம். வேறு என்ன செய்ய.

ஜப்பான் என்றால் நமது நாட்டுக்கு மறக்கக் கூடாத ஒரு பெயர் இருக்கிறது. விஷ்மா சந்தமாலி. 2017 இல் ஜப்பான் மொழிப் பாடசாலைக்கு மாணவர் விசாவில் போன இலங்கைப் பெண். பாடசாலை நின்றுபோனது, அதோடு விசாவும் போனது. 2020 இல், கூட வாழ்ந்தவரின் கொடுமையிலிருந்து காப்பாற்றும்படி பொலிஸுக்குப் போனவரை விசா இல்லை என்று நாகோயாவில் தடுத்து வைத்தார்கள். 2021 மார்ச் 6 ஆம் திகதி, 33 வயதில், அந்தத் தடுப்பு நிலையத்திலேயே இறந்தார். மாணவர் விசா என்பது கட்டணம் கட்டும் வரைக்கும், வகுப்புக்குப் போகும் வரைக்கும்தான். அந்த நூல் அறுந்தால் அடுத்த நாளே அந்த நாட்டில் நாம் யாரும் இல்லை. செமினாரில் இதை யாரும் சொல்வதில்லை.

அதே ஜப்பானுக்கு வேறு வழியும் உண்டு. 2019 இல் தொடங்கிய குறித்த திறன் தொழிலாளர் விசா. மொழிப் பரீட்சையும் தொழில் பரீட்சையும் சித்தியடைந்தால் முதியோர் பராமரிப்பு, விவசாயம், உணவகம் போன்ற துறைகளில் சம்பளத்தோடு வேலை. ஜேர்மனியில் "ஆவுஸ்பில்டுங்" என்று இருக்கிறது. கம்பனியில் சில நாள், தொழிற்பாடசாலையில் சில நாள், பெரும்பாலும் மூன்று வருடம். அங்கே பயிலுனருக்குத்தான் சம்பளம். 2025 இல் சேர்ந்தவருக்கு முதல் வருடம் மாதம் குறைந்தது 682 யூரோ என்று அந்நாட்டுச் சட்டம் வைத்திருந்தது. அந்தக் காசில் அங்கே இழுத்துப்பிடித்துத்தான் வாழலாம், அதையும் மறைக்கவில்லை. ஆனால் கட்டாயம் தேவைப்படுவது பி-1 தரத்தில் ஜேர்மன் மொழி. அதாவது ஒரு வருடம், ஒன்றரை வருடம் உட்கார்ந்து படிக்கிற பொறுமை. இந்த வழியிலும் "இடம் எடுத்துத் தருகிறோம்" என்று இலட்சக்கணக்கில் கேட்கிறவர்கள் வந்துவிட்டார்கள். பிள்ளைக்கே சம்பளம் கொடுக்கிற படிப்புக்கு நாம் ஏன் இலட்சம் கட்ட வேண்டும் என்று கேளுங்கள், பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

இனி நமது பக்கம்.

மெல்பேர்ன் சமையல் கோர்ஸுக்கு 60 இலட்சம் தேடுகிற நமக்கு, பண்டாரவளையில் சுற்றுலா ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்தின் பாடசாலை ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சமையல், பேக்கரி, உணவு பரிமாறல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு என்று தொழில் படிக்கலாம். ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் எல்ல. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க உலகமே வந்து நிற்கிற இடம். அந்த ஹோட்டல்களில் நல்ல சமையல்காரருக்கு இருக்கும் கிராக்கியைப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

இதைச் சொன்னால் நமது ஆட்களிடம் இரண்டு பதில் வரும். வாப்பாமார், "சேர், ஹோட்டல் குசினியில ஹராமான சாமானெல்லாம் புழங்குமே" என்பார்கள். நியாயமான கவலைதான், அதைப் பேசித் தீர்க்கலாம். ஆனால் அதே வாப்பா மெல்பேர்ன் குசினி என்றதும் அந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை, கவனித்திருக்கிறீர்களா? தோட்டத்தில் வேறு மாதிரி. "பங்களாவுல அப்பு வேலை பார்த்தது எங்க தாத்தாவோட போகட்டும் சேர்" என்றார் ஒரு தகப்பன். அந்த வலி எங்களுக்கு விளங்குகிறது. துரையின் குசினியில் மூன்று தலைமுறை நின்றவர்களிடம் சமையல் ஒரு தொழில் தகைமை என்று சொன்னால் எடுத்தவுடன் ஏறாது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

என்.வி.கியூ என்று நாம் சொல்கிற தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டமாக இருக்கிறது. 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டம். தொழில்நுட்பக் கல்லூரி பதுளையிலேயே இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன. பல வருடம் மேசன் வேலை, வயரிங் வேலை செய்தவர்கள், கையில் ஒரு தாளும் இல்லாவிட்டாலும், முன்னனுபவத்தை மதிப்பிட்டு இதே சான்றிதழைப் பெறலாம். சவூதியும் இப்போது பிளம்பர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் போன்றவர்களுக்கு விசாவுக்கு முன் திறன் பரீட்சை வைக்கிறது. பழைய மாதிரி "போய்ப் பழகிக்கலாம்" என்ற காலம் முடிகிறது. 2017 இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியும் இதற்காகத்தான், சாதாரண தரத்தில் தவறினாலும் தொழிற்பாடம் எடுத்து 13 ஆம் தரம் வரை போகலாம்.

அப்படியென்றால் நமது பிள்ளைகள் ஏன் அங்கே போவதில்லை? வெட்கம் ஒரு காரணம், தூரம் ஒரு காரணம். பெரிய காரணம் மொழி.

நாங்களே ஒரு தடவை ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனோம். மோட்டார் மெக்கானிக், எலெக்ட்ரிகல் என்று ஆசையோடு வந்தவர்கள். மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "இந்தக் கோர்ஸ் சிங்களத்தில்தான் நடக்கிறது, பிள்ளைகளுக்கு விளங்குமா?" என்று கேட்டார். இரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஐந்து பேர் திரும்பிவிட்டார்கள். அந்த ஐவரில் மூவர் இன்று கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். ஒரு பிள்ளை கார்மென்ட். ஒருவன் மேலே சொன்ன ஜப்பான் பையன்.

சிங்களம் படிக்கக் கூடாது என்றில்லை. படித்தே ஆக வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். ஆனால் பதினொரு வருடம் தமிழில் படித்த பிள்ளைக்கு மின்சுற்றை முதல் நாளே வேறு மொழியில் சொன்னால் அவன் மின்சாரத்தைப் படிப்பானா, மொழியைப் படிப்பானா? தமிழில் நடத்தினால் என்ன என்று கேட்டால் போதனாசிரியர் இல்லை என்கிறார்கள். போதனாசிரியர் ஏன் இல்லை? தமிழில் படித்து 5 ஆம், 6 ஆம் மட்டம் போனவர்கள் போதாது. அவர்கள் ஏன் போதாது? தமிழில் கோர்ஸ் இல்லை. இந்தச் சக்கரத்துக்குள் நமது பிள்ளைகள் நின்று சுற்றுகிறார்கள். முகவர் வாசலுக்கு வந்து தமிழில் பேசுகிறார். அவர் விற்பது சரியோ பிழையோ, நமது மொழியில் நம்மிடம் வந்து பேசிய ஒரே ஆள் அவர்தான். கூட்டம் அங்கே போவதில் ஆச்சரியம் என்ன?

இங்கேதான் எங்கள் கருத்து. வெளிநாட்டுத் தொழிற்கல்வி இந்த நாட்டுக்கு வர முடியாத ஒன்று இல்லை. வந்திருக்கிறது. 1959 இல் ஜேர்மன்காரர்கள் வந்து, போக்குவரத்துச் சபை பஸ்களைத் திருத்த மெக்கானிக்குகளைப் பழக்கினார்கள். அதுதான் இன்று மொறட்டுவையில் இருக்கும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம். அங்கே படித்தவன் என்றால் கராஜில் இன்றும் ஒரு மரியாதை. ஒறுகொடவத்தையில் கொரிய உதவியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் நடக்கிறது. யுத்தம் முடிந்த பின் 2016 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மனி இன்னொரு நிறுவனத்தைக் கட்டிக் கொடுத்தது. வாகனம், மின்சாரம், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம் என்று வடக்குப் பிள்ளைகள் தங்கள் மண்ணிலேயே படிக்கிறார்கள். ஹட்டனில் தொண்டமான் பெயரிலான தொழிற்பயிற்சி நிலையத்துக்கு இந்தியா உதவியது. நுவரெலியா மாவட்டத்துக்கு நல்லது. நமது மடுல்சீமைப் பிள்ளை ஹட்டனுக்குப் போய் வர முடியுமா?

அவுஸ்திரேலியக் கோர்ஸும் வந்திருக்கிறது. 1940 இல் சமையல், பேக்கரித் தொழில்களுக்காக மெல்பேர்னில் தொடங்கிய வில்லியம் ஏங்லிஸ் நிறுவனத்தின் பாடநெறியை கொழும்புப் பக்கத்து ஹோட்டல் கல்லூரி ஒன்று நடத்துகிறது. பிரித்தானியாவின் சிட்டி அண்ட் கில்ட்ஸ், பியர்சன் டிப்ளோமாக்களும் இங்கேயே படிக்கலாம். கடல் கடந்து வந்த இந்தப் படிப்பெல்லாம் கொழும்பில் இறங்கி, ஆங்கிலத்தில், கொழும்புக் கட்டணத்தில் நின்றுவிடுகிறது. மலைக்கு ஏறி வருவது ஆள் பிடிக்கும் மேசை மட்டும். படிப்பு கொழும்புக்கு, விற்பனை பதுளைக்கு. இந்தப் பங்கீட்டைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

இங்கே நடக்கும் வெளிநாட்டு டிப்ளோமா என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு சேராதீர்கள். "லெவல் 5" என்று போர்டில் இருக்கும். பிரித்தானிய லெவல் 5 வேறு, நமது என்.வி.கியூ 5 வேறு. இலக்கம் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா, சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார், உள்ளூர் நிலையமா வெளிநாட்டு நிறுவனமா என்று கேளுங்கள். பிரித்தானிய தகைமைகளுக்கு அந்நாட்டு ஒழுங்குபடுத்தும் சபையின் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அவுஸ்திரேலியக் கல்லூரி வெளிநாட்டு மாணவரை எடுக்கலாமா என்பது "கிரைகோஸ்" என்ற பதிவேட்டில் இருக்கும். பெயரை அடித்தால் கோர்ஸ், காலம், கட்டணம் எல்லாம் வரும். முகவர் சொன்ன தொகையும் அதில் உள்ள தொகையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். காசை முகவரின் தனிப்பட்ட கணக்குக்குப் போடாதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வகுப்புகளில் முன்வரிசை பெரும்பாலும் அவர்கள்தான். கொழும்பு விடுதிக்கு அனுப்ப வீட்டில் மனம் வராது, மெல்பேர்ன் என்ற பேச்சே எழாது. அண்ணனுக்கும் நானாவுக்கும் காணி ஈடு போகிறது, தங்கச்சிக்குத் தையல் மெஷின். பதுளையிலோ பண்டாரவளையிலோ காலையில் போய்ப் பின்னேரம் திரும்பக்கூடிய தூரத்தில், தமிழில் ஒரு தாதிப் பராமரிப்புக் கோர்ஸ், ஒரு உணவுத் தொழில்நுட்பக் கோர்ஸ் இருந்தால் முதலில் நிரம்பும் கதிரைகள் அவர்களுடையவை.

என்ன கேட்கலாம்? பெரிய கட்டடம் கேட்டு பத்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கிற நிலையங்களில் தமிழ் மொழியில் ஒரு தொகுதி, ஒரே ஒரு தொழிலுக்காவது. அந்தத் தொழிலுக்கு வேண்டிய போதனாசிரியரைக் கிளிநொச்சியிலிருந்தாவது கொண்டுவந்து இருத்தலாம், ஒரு விடுதி அறையும் சம்பளமும் போதும். பின்னேரங்களில் ஜேர்மன், ஜப்பான், ஆங்கில மொழி வகுப்பு. லுணுகலை, பசறை, கொஸ்லாந்தைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு பஸ் சீசன். மலையக மக்களுக்கென்று 75 கோடி இந்திய ரூபாய் உதவியை இந்தியா 2023 இல் அறிவித்தது. இப்படியான உதவி வரும்போதெல்லாம் நமது மாவட்டத்திலிருந்து எழுத்தில் ஒரு கோரிக்கை மேசையில் இருந்ததா என்பதுதான் கேள்வி. மாகாண சபைக்கு 2019 க்குப் பிறகு தெரிவான உறுப்பினரே இல்லை. ஆகவே இப்போதைக்கு நமக்கு இருக்கும் கதவு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவும் நமது பாராளுமன்ற உறுப்பினர்களும். அவர்கள் நமது திருவிழாவுக்கும் பரிசளிப்புக்கும் வருகிறார்கள். பொன்னாடையோடு ஒரு கடிதத்தையும் கையில் கொடுக்கலாம்.

சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் இதில் சேர வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இது முஸ்லிம் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒரே பிரச்சினை. இரண்டு பேரும் ஒரே மொழியில் படித்துவிட்டு ஒரே கவுண்டரில் நின்று ஒரே பதிலைக் கேட்டுத் திரும்புகிறார்கள்.

நாங்கள் செய்யப்போவது இரண்டு. வெளிநாட்டுப் படிப்புக்குக் காசு கட்ட நினைப்பவர்கள் கட்ட முன் தாள்களைக் கொண்டு வாருங்கள். ஆங்கிலத்தில் உள்ள ஒப்பந்தத்தை வரி வரியாகத் தமிழில் வாசித்துச் சொல்கிறோம், பதிவேடுகளில் கல்லூரியைத் தேடிக் காட்டுகிறோம். போகச் சொல்லவும் மாட்டோம், தடுக்கவும் மாட்டோம், முடிவு உங்களுடையது. ஏற்கனவே கட்டி ஏமாந்தவர்களும் ரசீதோடு வாருங்கள், ரசீது இல்லாவிட்டாலும் வாருங்கள், யாரிடம் முறையிடலாம் என்று பார்ப்போம்.

மற்றது, தமிழில் தொழிற்பயிற்சி கிடைத்தால் சேர விரும்பும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று எடுக்கிறோம். எந்த ஊர் அல்லது தோட்டம், எந்தத் தொழில், ஆணா பெண்ணா, சாதாரண தரமா உயர்தரமா என்று மட்டும் கீழே எழுதுங்கள். பெயரும் தொலைபேசி இலக்கமும் பொதுவில் போட வேண்டாம், இன்பொக்ஸில் அனுப்புங்கள். அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முன் அந்தப் பட்டியலோடு போய் நிற்கிறோம். நூறு பெயர் இருந்தால் நூறு, பத்து இருந்தால் பத்து.